மூன்று பேருக்கு எவ்வளவு அரிசி?

அன்புள்ள அக்கா,

சமூகப்பணிப் பட்டப்படிப்பில் இறுதியாண்டு படிக்கிறேன். களப்பயிற்சிக்காகக் கொழும்பு 15இல் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்வருகிறேன். தோட்டங்கள் என்று நாம் சொல்லும் நகரச் சேரிகளிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள். எட்டு மாதப் பழக்கம். இப்போது ஆய்வேட்டுக்காக அதே குடும்பங்களிடம், பணியாளருக்கும் சேவைநாடிக்கும், அதாவது உதவி பெறுபவருக்கும், உள்ள உறவைப் பற்றி ஒரு வினாக்கொத்தை நிரப்பினேன். ஐந்து புள்ளி அளவுகோல். ஏறத்தாழ எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்து என்றே சொல்லியிருக்கிறார்கள். சிலர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார்கள். ஆனால் உட்காரவைத்து இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். இந்த மக்கள் ஏன் உண்மையைச் சொல்வதில்லை? நான் எண்ணைக் கேட்கும் அளவுசார் முறையை விட்டுக் கதையைக் கேட்கும் பண்புசார் முறைக்கு மாறவேண்டுமா? இன்னொன்று, அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பது தொழில் எல்லையை மீறுவதா? மேற்பார்வையாளர் ஆம் என்கிறார்.

க.

அன்புள்ள க.,

சில வாரங்களாகக் கொட்டாஞ்சேனை முடுக்கு வீடொன்றின் அரிசி வாளி மனதில் வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். வாளிக்குப் பிறகு வருகிறேன்.

தேத்தண்ணி விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். குடியுங்கள். பீலிக்ஸ் பீஸ்டெக் என்ற பாதிரியார் பணியாளர் உறவைப் பற்றி 1957இல் எழுதிய ஏழு தத்துவங்களை உங்களுக்குப் பாடமாக வைத்திருப்பார்கள். அதில் ஒன்று, கட்டுப்படுத்தப்பட்ட உணர்வு ஈடுபாடு. அவர் கட்டுப்படுத்தச் சொன்னது உணர்வை. தேத்தண்ணியைப் பற்றி மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஆட்களிடையே ஒரு வீட்டுக் கோப்பையை வேண்டாம் என்று தள்ளினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் மேற்பார்வையாளருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார்.

அளவுசார் முறையா பண்புசார் முறையா என்பது பட்டிமன்றத் தலைப்பு. பயந்திருக்கும் ஆளிடம் எண்ணைக் கேட்டாலும் கதையைக் கேட்டாலும் பயம்தான் பதிலாக வரும். அதை விடுங்கள்.

ஆனால் 'இந்த மக்கள் ஏன் உண்மையைச் சொல்வதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதம் அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிப் போய்வந்தீர்கள். ஒரு அட்டவணை சரியாக வரவில்லை என்றதும் அவர்கள் 'இந்த மக்கள்' ஆகிவிட்டார்களா? உங்களைப் பற்றிய மதிப்பெண்ணை நீங்களே போய், நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா அகப்பையும் கையுமாக நின்று குழம்பு எப்படி என்று கேட்டால் நீங்கள் எத்தனை புள்ளி போடுவீர்கள்?

அதோடு, 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித் திட்டம் வந்ததிலிருந்து இந்த நகரத்தில் படிவத்தோடு படியேறும் எந்தப் பெண்ணும் வெறும் மாணவி கிடையாது. 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தரம் பிரித்தார்கள். எந்தப் பதில் தன் பெயரைப் பட்டியலில் ஏற்றியது, எது இறக்கியது என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் மனிதர் பாதுகாப்பான பதிலைத்தான் சொல்வார். ஐந்து பாதுகாப்பானது. சேவைநாடி என்று அழகான சொல்லொன்று வைத்திருக்கிறோம். அந்த மாடியில் யார் உங்களை நாடி வந்தார்கள்? நீங்கள்தான் போய்க் கதவைத் தட்டினீர்கள்.

லண்டனில் ஜோன் மேயரும் நோயல் டிம்ஸும், சமூகப்பணி அமைப்பொன்றில் உதவி கேட்டுப் போன தொழிலாளர் குடும்பத்தினரிடம் அங்கே என்ன நடந்தது என்று விசாரித்து 1970இல் வெளியிட்டார்கள். வந்தவர்கள் பலர் கேட்டது, எனக்குத் தொல்லை கொடுக்கும் ஆளைக் கூப்பிட்டுத் திருத்துங்கள் என்பதை. பணியாளர்களோ வந்தவரின் கடந்த காலத்தைத் துருவிக்கொண்டிருந்தார்கள். இவர் ஏன் இதையெல்லாம் கேட்கிறார் என்று வந்தவருக்குப் புரியவில்லை. அது வெளியே வந்ததற்குக் காரணம், கேட்டவர்கள் அந்தப் பணியாளர்களாக இல்லாததுதான். உங்கள் வகுப்புத் தோழியோடு களத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மாடிக்கு அவர் போகட்டும். அளவுகோலையும் தூக்கி வையுங்கள். போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது, மின்கட்டணத்துக்குக் காசு போதாதபோது முதலில் யாரிடம் போனீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களில் நீங்கள் இருக்கிறீர்களா பாருங்கள். இல்லையென்றால் கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லை.

சரி, கையெழுத்துக்கு வருவோம். உண்மையில் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஒப்புதல் படிவம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில், சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், 1932 முதல் 1972 வரை வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அது வெளிப்பட்ட பிறகுதான் ஆய்வு ஒழுக்கநெறிகளை வகுத்த பெல்மொண்ட் அறிக்கை 1979இல் வந்தது. ஆய்வுக்கு உட்படுகிறவரைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. இங்கே வந்து சேரும்போது நிறுவனத்தின் கோப்பைக் காப்பாற்றுகிற தாளாகிவிட்டது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'இதில ஒரு சைன் வைங்கோ' என்று விரலால் காட்டியிருப்பீர்கள். நானும் காட்டியிருக்கிறேன்.

நீங்கள் யாரிடம் கையெழுத்துக் கேட்டீர்கள் என்று யோசித்தீர்களா? 1983 ஜூலையில் கலவரக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் பொலிஸார் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, 376 பேரைப் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்கவேண்டியிருந்தது. 2008 செப்டெம்பரில், முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பொலிஸில் பதியவேண்டும் என்றார்கள். வீட்டில் எத்தனை பேர், சொந்த ஊர் எது, எப்போது வந்தீர்கள். உங்கள் வினாக்கொத்தின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அதே மூன்று கேள்விகள் இருக்கும்.

அந்த 2008இன் கடைசியில் நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கணக்கெடுத்தேன். பெயர் வேண்டாம். வீட்டுக்கு எத்தனை பேர், கிழமைக்கு எவ்வளவு அரிசி என்று கேட்டு எழுதவேண்டும். கொட்டாஞ்சேனையில் அந்த வீடு ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. அந்த அம்மா மூன்று பேர் என்றார். அவர், கணவர், மகள். அரிசி? அதற்கு அவர் யோசிக்கவில்லை. வாளியைத் தொட்டுப் பார்த்தார். "கிழமைக்குப் பன்னிரண்டு கிலோ போகும் பிள்ளை." படிவத்தை நீட்டினேன். என் பேனையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். திரைக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள் தெரிந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் படிவத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்று பேருக்குப் பன்னிரண்டு கிலோவா? மறுபடி போய்ச் சரிபார். மறுபடி போய் என்ன கேட்பது? திரையை விலக்குங்கள் என்றா? அலுவலக மேசையிலேயே உட்கார்ந்து பன்னிரண்டை வெட்டி ஏழு ஆக்கினேன். மூன்று பேர், ஏழு கிலோ. கணக்கு ஒத்துப்போய்விட்டது. அந்த வீட்டைப் பற்றி அந்தத் தாளில் இருந்த ஒரே உண்மையை வெட்டியது நான்தான். அவர் பயத்தில் ஒரு எண்ணை மாற்றினார், நான் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இன்னொன்றை மாற்றினேன். பிறகு வந்த உலர் உணவுப் பொதி மூன்று பேருக்குத்தான் வந்தது.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நீங்கள் உடனே, 'அக்கா சொன்னார், தரவை மாற்றலாம்' என்று கிளம்பாதீர்கள். செய்யவேண்டியது வேறு. படிவத்தின் ஓரத்தில் 'இந்த வீட்டில் ஆள்கணக்கைக் கேட்கும் நிலை இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். அந்த ஒரு வரியை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயம். நானும் ஐந்துக்கு வட்டம் போட்டவள்தான்.

உங்களுக்கு இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. ஒழுக்கநெறிக் குழுவிடம் போய், வாய்மொழி ஒப்புதல் போதும் என்று அனுமதி கேளுங்கள். கையெழுத்துதான் ஒருவரை அடையாளம் காட்டி ஆபத்தில் மாட்டும் என்றால் அது வேண்டாம் என்று அமெரிக்க விதிகளே இடம் கொடுக்கின்றன. ஒப்புதலை ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டாமல், ஒவ்வொரு முறை போகும்போதும் கேளுங்கள். தாள் எங்கே போகும், யார் படிப்பார்கள், எப்போது கிழிப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கையெழுத்து வைக்காமல் இரண்டு மணித்தியாலம் கதைத்தவர்களைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். நானாக இருந்தால் ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தவர்களைப் பற்றித்தான் கவலைப்படுவேன்.

அப்புறம் அந்த வாளி. ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றபோது யாரோ தோளைத் தொட்டார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு அடையாளம் பிடிபடவில்லை, அவருக்குப் பிடிபட்டது. மகள் கல்யாணமாகி நீர்கொழும்பில் இருக்கிறாளாம். தமக்கையின் பையன்கள் இருவரும் வெளிநாட்டில். "அன்னைக்கு நாங்க அஞ்சு பேரு," என்றார். "உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன்.

"அந்தக் கையெழுத்து இப்ப எங்க இருக்கும் பிள்ளை?"

அந்த அலுவலகம் மூடி எத்தனையோ வருடம். பெட்டிகளை யார் எடுத்துப்போனார்கள் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.