திருகோணமலையில் மரண சாதனம் எழுத எந்தச் சட்டத்தரணியிடம் போகலாம்?

அப்பாவுக்கு 74 வயது, உவர்மலையில் வீடும் கந்தளாய்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வயலும் இருக்கின்றன, பிள்ளைகள் மூவருக்கும் பின்னாளில் சண்டை வராமல் எழுதிவைக்க யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். யாரிடமும் போவதற்கு முன் வயலின் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அது முழுச் சொந்த உரிமைக்கான உறுதியா, அரசு கொடுத்த பெர்மிட்டா?

எங்கள் பெரியப்பா 2015இல் நொத்தாரிசிடம் (உறுதி, சாதனம் எழுத அனுமதி பெற்ற சட்டத்தரணி) முறையாக மரண சாதனம், அதாவது உயில், எழுதினார். வீடு மகனுக்கு, மூதூர் வயல் தன்னைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளுக்கு. எழுதியவர் வயல் பத்திரத்தைக் கேட்கவே இல்லை. பெரியப்பா போனபின் அக்கா அலுமாரியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். நாலாக மடித்து, மடிப்புக் கிழிந்து, டேப் ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு கொடுத்த அனுமதிப் பத்திரம் அது. அந்த வகைக் காணியை மரண சாதனத்தால் யாருக்கும் கொடுக்க முடியாது. உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பின்னுரிமையாளரின் பெயரைப் பதிய வேண்டும். பெரியப்பா பதியவில்லை, பெரியம்மாவும் அவருக்கு முன்பே போய்விட்டார். அன்றைய சட்ட வரிசையில் மகன்தான் முதலில், அதனால் வயல் அண்ணாவுக்குப் போனது. 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்த ஆண்-பெண் பாகுபாட்டை நீக்கினார்கள், ஆனால் அக்காவுக்கு அது பிந்திவிட்டது. தன் அப்பாவின் கையொப்பம் இருந்த தாளைப் பிடித்துக்கொண்டு அக்கா கந்தோர் வாசலில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்களில் இப்படி அரசு கொடுத்த காணிகள் நிறைய. உங்களுடையதும் பெர்மிட் என்றால் அப்பாவையே பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குக் கூட்டிப்போய்ப் பெயரைப் பதியுங்கள். அம்மா இருந்தால் முதலில் அவருக்குத்தான் போகும், அவருக்குப் பிறகே பதிந்த பிள்ளைக்கு. உரிமை வருகிறவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்கவும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பெயரைப் போடுமுன் இதை யோசியுங்கள்.

சரி, வீடு. உறுதிக் காணி என்றால் மரண சாதனம் செல்லும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்க அப்பா கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடும் எழுதலாம், ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன். பின்னால் ஒருவர் ஆட்சேபித்தால் அந்தச் சாட்சிகளைத் தேடித் திரிய வேண்டிவரும். சொத்துப் பெறுகிறவர் சாட்சியாக ஒப்பமிடக் கூடாது, அவருக்கு எழுதியதே செல்லாமல் போகும்.

அப்பா இறந்தபின் நிறைவேற்றுநர் (சாதனத்தை நிறைவேற்ற அப்பா அதில் பெயர் குறித்தவர்) மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்து, பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, சொத்துப் பட்டியல் கொடுத்து அதிகாரம் பெற வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்து பலர் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மரண சாதனத்தை எத்தனை முறையும் மாற்றலாம். மாற்ற முடியாதது என்று எழுதிக்கொடுத்த நன்கொடையை, பிள்ளை நன்றி கெட்டு நடந்தாலும் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போய்த்தான் மீட்க முடியும்.

உங்கள் குடும்பம் யாழ்ப்பாணப் பூர்வீகம் என்றால் அதை முதலிலேயே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தினால் கணக்கே வேறு.

அப்புறம், யாரைப் பார்ப்பது? தமிழில் உறுதி எழுத அனுமதி பெற்ற நொத்தாரிசாகப் பாருங்கள், அப்பா தானே வாசித்து விளங்கிக்கொள்ளலாம். முதல் சந்திப்பிலேயே மூலப் பத்திரத்தைக் கேட்டு, காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்துவிட்டு எழுதலாம் என்பவரை நம்பிப் போகலாம். செலவு பொறுக்காதென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள், குறைந்த வருமானக்காரருக்கு உதவத்தான் அது இருக்கிறது. அப்பா சட்டத்தரணியிடம் பேசும்போது நீங்கள் மூவருமே அறைக்கு வெளியில் இருங்கள். பிள்ளைகள் வற்புறுத்தி எழுதவைத்தார்கள் என்று பிறகு ஒருவர் வழக்குப் போட்டாலும் நிரூபிப்பது கடினம்.