ஸ்கீமா துணையோடு எக்ஸ்எம்எல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் எக்ஸ்எம்எல் கோப்பில் பிழை இல்லை என்கிறது எடிட்டர், ஆனால் டேக் எழுதத் தொடங்கினால் பரிந்துரைகள் வருவதில்லை. ஏன்?

பதில்: திறந்த டேக்குகள் சரியாக மூடப்பட்டுள்ளனவா என்பது போன்ற அடிப்படை இலக்கணத்தை மட்டுமே எடிட்டர் பார்த்திருக்கிறது, எதற்குள் எது வரலாம் என்று சொல்லும் ஸ்கீமா அதன் கைக்கு எட்டவே இல்லை. முதல் டேக்கில் உள்ள ஸ்கீமாலொகேஷன் ஆட்ரிபியூட்டை, அதாவது டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரத்தைப் பாருங்கள். அதன் மதிப்பு இரண்டிரண்டாக வர வேண்டும்: முன்னால் நேம்ஸ்பேஸ் (டேக்குகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் பெயர்), ஓர் இடைவெளி, பிறகு ஸ்கீமா எழுதப்பட்டிருக்கும் எக்ஸ்எஸ்டி கோப்பின் இருப்பிடம். கோப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். நேம்ஸ்பேஸே இல்லாத ஆவணத்துக்குத்தான் அப்படி எழுதலாம். அதற்கு நோநேம்ஸ்பேஸ்ஸ்கீமாலொகேஷன் என்று வேறொரு ஆட்ரிபியூட் உண்டு. இதுவும் சரியென்றால், ஆவணத்தின் நேம்ஸ்பேஸும் ஸ்கீமா தனக்கென அறிவிக்கும் டார்கெட்நேம்ஸ்பேஸும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு பிற்பகல் முழுவதும் நான் தேடி அலைந்த பிழை, ஒன்றின் கடைசியில் இருந்து மற்றதில் விடுபட்டுப்போன ஒரேயொரு சாய்கோடு.

கேள்வி: அந்த நேம்ஸ்பேஸ் முகவரியை பிரவுசரில் திறந்தால் ஒன்றுமே வரவில்லையே?

பதில்: வர வேண்டிய கட்டாயம் இல்லை. முகவரி போலத் தோன்றினாலும் அது வெறும் பெயர்தான்.

கேள்வி: ஈமேக்ஸ் எடிட்டர் என் எக்ஸ்எஸ்டி கோப்பை ஏற்க மறுக்கிறது.

பதில்: ஈமேக்ஸில் எக்ஸ்எம்எல் எழுத உதவும் என்எக்ஸ்எம்எல் மோடு, எக்ஸ்எஸ்டி அல்லாத வேறொரு ஸ்கீமா மொழியான ரிலாக்ஸ் என்ஜியில் எழுதிய ஸ்கீமாவை, அதிலும் ஆர்என்சி என முடியும் சுருக்க வடிவத்தை மட்டுமே படிக்கும். ரிலாக்ஸ் என்ஜியை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கிளார்க்தான் இந்த மோடையும் எழுதினார் என்பதால் இதில் வியப்பில்லை. அவருடைய டிராங் என்ற கருவி, பழைய ஸ்கீமா வடிவமான டிடிடியை ஆர்என்சியாக மாற்றித் தரும். ஆனால் எக்ஸ்எஸ்டியை எழுதித் தருமே தவிர, உள்ளே வாங்கிக்கொள்ளாது. இது தெரியாமல் டிராங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிடிடி கிடைத்தால் அதிலிருந்து தொடங்கி, கிடைத்த ஆர்என்சி கோப்பை கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-எஃப் விசைகளால் இணையுங்கள். எக்ஸ்எஸ்டி மட்டுமே உண்டென்றால், விஎஸ் கோடு எடிட்டரில் ரெட் ஹேட் நிறுவனம் வெளியிட்டுள்ள எக்ஸ்எம்எல் எக்ஸ்டென்ஷனுக்கு மாறிவிடுவதே மேல். அது எக்ஸ்எஸ்டியை நேரடியாகப் படிக்கும்.

கேள்வி: ஒரு தவறு செய்தால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகள்!

பதில்: முதல் கோட்டை மட்டும் கவனியுங்கள். 40ஆம் வரியில் மூட மறந்த டேக்கை எடிட்டர் 90ஆம் வரியில்தான் உணரக்கூடும். ஆகவே கோடு விழுந்த இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.