கேரியர்: கம்பெனி போட்டதா, பட்டறையில அடிச்சதா?

கேள்வி: அண்ணா வணக்கம், நான் குடியாத்தம். போர்ல மோட்டார் இறக்கறது ஏத்தறது, பிளம்பிங் ரெண்டும் பண்றேன். செகண்ட்ஸ்ல ஒரு பொலேரோ கேம்பர் எடுத்துக்கீறேன், டபுள் கேபின். மேல கேரியர் போடணும், ஏணி, பைப்பு வைக்கறதுக்கு. ஷோரூம்ல கம்பெனி ஐட்டம்னு ஒரு வெலை சொல்றாங்க, எங்க ஊரு பட்டறைக்காரரு அதுல பாதிகூட ஆகாது, ஸ்கொயர் பைப்புல அடிச்சுத் தரேன், யானை ஏறுனாலும் தாங்கும்ன்றாரு. எத போட்றது?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பட்டறைக்காரர் பொய் சொல்லல தம்பி, அவரு அடிக்கற கேரியர் தாங்கும். ஆனா அதுக்குக் கீழ இருக்கற கூரை தாங்கணுமே, அத யாரும் கேக்கறதில்ல. வண்டி மேனுவல்ல கூரைக்கு இவ்ளோ கிலோன்னு போட்டிருந்தா அதான் கணக்கு, இந்த மாதிரி வண்டிங்களுக்கு பெரும்பாலும் 50-லருந்து 100 கிலோக்குள்ள தான் வரும், அதுவும் கேரியரோட வெயிட்டையும் சேர்த்து. இப்ப 25 எம்எம் ஸ்கொயர் பைப்பு, 2 எம்எம் கனம், மீட்டருக்கு கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ வரும், சுத்தி கம்பி வச்ச கூடை மாதிரி அடிச்சா 20 மீட்டர் சாதாரணமா போயிடும், ஆக ஒரு ஏணிகூட ஏத்தறதுக்கு முன்னாடியே 30 கிலோ கூரை மேல உக்காந்துடுச்சு. கம்பெனி ஐட்டம் அலுமினியமா இருந்தா அதே அளவுக்கு மூணுல ஒரு பங்கு வெயிட்டு தான். நீங்க குடுக்கற காசு இந்த வெயிட்டுக்கும், கூரைய தொளைக்காம சரியான எடத்துல புடிக்கற கிளாம்புக்கும் தான், பேருக்கு இல்ல.

அதுக்காக பட்டறை வேணாம்னு சொல்லல. கூரை ஓரத்துல தண்ணி ஓடற கட்டர் இருந்தா அதுலயே கிளாம்பு போட்டு புடிக்கலாம், தொளையே தேவையில்ல, அந்த வேலைய நம்ம பக்கத்து பட்டறைங்க நல்லாவே பண்ணுவாங்க. கிளாம்புக்கு அடியில ரப்பர் வைக்கச் சொல்லுங்க, ரெட் ஆக்சைடு அடிச்சுட்டு தான் பெயிண்ட், பைப்பு முனையெல்லாம் மூடணும், தொறந்து விட்டா மழைத்தண்ணி உள்ள நின்னு துரு உள்ளருந்தே வரும், வெளிய பாக்க பளபளன்னு இருக்கும். கூரைய தொளைச்சு சிலிகான் வச்சுடலாம்னு எவனாவது சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. வேலூர் வெயில்ல அந்த சிலிகான் எத்தன நாளைக்கு நிக்கும், அப்புறம் ஐப்பசி மழைக்கு உங்க தலை மேலயே சொட்டும்.

சரி, இதெல்லாம் விடுங்க, எனக்கு என்ன தோணுதுன்னா உங்க தொழிலுக்கு கூரை கேரியரே வேணாம். கேபின் கூரை நீளம் ரொம்ப கம்மி, ரெண்டு பாருக்கும் நடுவுல மூணடி கெடைச்சா பெருசு, அது மேல 10 அடி காலம் பைப்ப, அதான் போர்ல மோட்டார தொங்க விடற பைப்ப, கட்டுனா ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டே வரும், பேரணாம்பட்டு ரோட்டுல ஒரு பள்ளத்துல எறங்குனா போதும். அதுக்கு பதிலா பின்னாடி தொட்டியிலயே ஒரு ஸ்டாண்டு அடிங்க, முன்கால் கேபினுக்கு பின்னாடி, பின்கால் டெயில் கேட் கிட்ட, உயரம் கேபினுக்கு மேல ரெண்டு மூணு இஞ்ச். வெயிட்டு தொட்டி வழியா சேசிஸ்க்கு போயிடும், கூரைக்கு வேலையே இல்ல. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பட்டறையில கெட்டியா இருக்கட்டும்னு அந்த ஸ்டாண்ட கேபின் கூரையோட சேர்த்து வெல்டு அடிக்க வருவாங்க, விடாதீங்க. கேபின் வேற தொட்டி வேற, தனித்தனியா தான் சேசிஸ் மேல உக்காந்திருக்கு, மேடு பள்ளத்துல சேசிஸ் முறுக்கும்போது ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் அசையும். ரெண்டையும் சேர்த்து கட்டிப்போட்டா வெல்டு விடும், இல்லன்னா கட்டர பிச்சுக்கும்.

20 அடி பிவிசி பைப்பு? அத கடைக்காரர் டெம்போலயே எறக்கச் சொல்லிடுங்க. கேம்பர் மொத்த நீளமே ஏறக்குறைய 16 அடி தான், மிச்சம் 4 அடி எங்கயாவது வெளிய நீட்டிக்கிட்டு தான் இருக்கும். செவப்புத் துணி கட்டிட்டா ஆச்சுன்னு நெனைக்காதீங்க, மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் அளவுக்கு மீறி லோடு நீட்டிக்கிட்டிருந்தா 20,000 ரூபா ஃபைன், எறக்கி வைக்கற செலவும் நம்ம தலையில. அதே சட்டத்துல 52-வது பிரிவு, வண்டிய கம்பெனி குடுத்த அமைப்புலருந்து மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, அதனால எதுவா இருந்தாலும் போல்ட்ல கழட்டற மாதிரியே பண்ணுங்க. மஞ்ச போர்டுன்னா எஃப்சிக்கு, அதான் வண்டி தகுதிச் சான்றுக்கு, போறதுக்கு முன்னாடி எப்படியும் கழட்டச் சொல்லுவாங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுதி குடுத்துடுங்க, கிளைம் நேரத்துல இழுத்தடிக்க அவங்களுக்கு ஒரு சாக்கு போதும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் எங்க இசுசு வி-கிராஸ் பிக்கப் மேல கூரை டென்ட் போட்டு ஜவ்வாது மலை, ஏலகிரின்னு போலாம்ன்றாரு. டென்ட்டு 60 கிலோவாம், 300 கிலோ தாங்கும்னு விளம்பரத்துல போட்டிருக்கு. நம்பலாமா சார்?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அந்த 300 வண்டி நிக்கும்போது, நீங்க ரெண்டு பேரும் மேல படுத்திருக்கும்போது உள்ள கணக்கும்மா. ஓடும்போது உள்ளது வேற, அது ரொம்ப கம்மி, பிரேக்கு வளைவு எல்லாம் அதுல தான் சேரும். டென்ட்டு 60, கேரியர் ஒரு 20-ன்னு வச்சாலும் 80 ஆச்சு, மேனுவல்ல ஓடற லோடு அதுக்கு மேல இருந்தா தான் மேல பேசணும். வி-கிராஸ்ல பழைய மாதிரி கட்டர் கெடையாது, அந்த மாடலுக்குன்னே வர்ற கிட்டு தான் வாங்கணும், இதுக்கு மட்டும் பட்டறை வேணாம். ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு, மேல வெயிட்டு இருந்தா வண்டி சாயறது உங்களுக்கே தெரியும், வீட்டுக்காரர மெதுவா ஓட்டச் சொல்லுங்க. காப்புக்காட்டுல வனத்துறை பர்மிஷன் இல்லாம டென்ட் போட முடியாது, அதையும் அவருகிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: கேரியர் போட்டதுலருந்து 60-க்கு மேல போனா உய்ங்னு சத்தம், சாமான் கட்டுனா பெல்ட்டு வேற படபடன்னு அடிக்குது. என்ன பண்றது?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: கேரியர்ல ஸ்கொயர் பாரா இருக்கும், காத்து அதுல மோதற சத்தம் தான் அது. வேல இல்லாதப்ப கழட்டி வைங்க, டீசலும் மிச்சம். பெல்ட்ட கட்டும்போது நடுவுல ஒரு முறுக்கு குடுத்து இழுங்க, படபடப்பு நின்னுடும்.