அதிமதுரமும் கறுப்பு மிட்டாயும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அதிமதுரத்தைப் பற்றி முன்பு எழுதிய பகுதிக்குப் பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அதிமதுரத்தின் பெயரில் வெளிநாடுகளில் விற்கப்பட்டு உறவினர்கள் கொண்டுவரும் கறுப்பு மிட்டாயின் சுவையைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால், ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன்.

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மருமகன் கொண்டுவந்த கறுப்பு மிட்டாயைப் பேரப்பிள்ளைகள் வாயில் போட்டவுடன் துப்பிவிட்டார்கள். மருமகனோ கை நிறைய அள்ளித் தின்கிறார். அவரும் நம் ஊரில் வளர்ந்தவர்தானே, ஐயா? (வாசகர், மேலப்பாளையம்)

நம் ஊரில் வளர்ந்தவர்தான். ஆனால் அந்த மிட்டாயை அவர் நாக்கு அங்கேதான் பழகியிருக்கிறது. மனிதர் பிறவியிலேயே விரும்புவது இனிப்பை, வெறுப்பது கசப்பை. மணங்களைப் பொறுத்தவரை பெரும்பகுதி பழக்கத்தால் அமைவது. அந்தப் பழக்கம் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்ப காலத்தில் அனைசு என்னும் சோம்பு வகையைச் சேர்த்துவந்த தாய்மார்களின் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த மணத்தின் பக்கம் முகத்தைத் திருப்பியதையும், அதை உண்ணாத தாய்மார்களின் குழந்தைகள் முகம் சுளித்ததையோ பொருட்படுத்தாமல் இருந்ததையோ பிரான்சில் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நெதர்லாந்தில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ கறுப்பு மிட்டாய் செலவாகிறது. அத்தகைய ஊரில் ஓரிரு ஆண்டுகள் இருந்தாலே நாக்கு இசைந்துவிடும். உங்கள் பேரப்பிள்ளைகளோ மிட்டாய் என்றால் சர்க்கரை என்ற எதிர்பார்ப்போடு வாயைத் திறந்தவர்கள்.

மருமகனுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் அந்தக் கை நிறைய அள்ளுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் சைவம். அந்த மிட்டாயைப் பிரித்தவுடன் சால்னா வாசம் அடிக்கிறது. அதில் அசைவப் பொருள் ஏதும் கலந்திருக்குமோ? (வாசகி, பாளையங்கோட்டை)

மணத்துக்குக் காரணம் அனெத்தோல் என்னும் மணப்பொருள். பெருஞ்சீரகம், அன்னாசிப்பூ, அனைசு ஆகிய மூன்றின் எண்ணெயிலும் மேலோங்கி நிற்பது அதுவே. இறைச்சிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நம் பகுதிச் சைவ வீடுகள் பலவற்றில் பெருஞ்சீரகத்தை அடுக்களைக்குள் சேர்ப்பதில்லை. பரோட்டாக் கடையைக் கடக்கும்போது மட்டுமே அந்த மணம் மூக்குக்கு வரும். எனவே அவர்களுக்கு அது கறிக்குழம்பின் மணமாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பின் சோம்பு மிட்டாய் மென்று வளர்ந்தவருக்கு அதே மணம் விருந்தை நினைவூட்டும். இந்த மிட்டாயை விரும்புவதற்கும் வெறுப்பதற்கும் நம் வட்டாரத்தில் முதற்காரணம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இருந்தாலும் உங்கள் ஐயம் வேறொரு வகையில் நியாயமானது. இவ்வகை மிட்டாய்கள் பலவற்றில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள்.

அதிமதுரத்தின் இனிப்பு தொண்டையிலேயே நிற்பது ஏன்? (வாசகர், ஏர்வாடி)

அதிமதுர வேருக்கு இனிப்பைத் தரும் கிளைசிரைசின் என்னும் பொருள் சர்க்கரையைப் போல 30 முதல் 50 மடங்கு இனிப்பானது. ஆனால் தாமதமாகத் தொடங்கி, நெடுநேரம் கழித்தே விலகும்.

அதிமதுர மிட்டாய் என்று எழுதியிருந்ததை வாங்கினேன். சோம்பு மணம் மட்டுமே வருகிறது. அதிமதுரம் இப்படித்தான் இருக்கும் என்றால் இனி அதைத் தொடவே மாட்டேன். (வாசகர், அம்பாசமுத்திரம்)

இந்தக் குழப்பத்தைப் பற்றி நான் எத்தனை முறை எழுதியும் கடிதங்கள் குறையவில்லை. ஆகவே இம்முறை சற்று விரிவாகவே சொல்கிறேன். அதிமதுரம் வேறு, சோம்பு வேறு. அதிமதுரம் அவரை, பயறு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடியின் வேர். மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து நடு ஆசியா வரை விளைவது. பெருஞ்சீரகம் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. முன்னதன் இனிப்பு கிளைசிரைசினால் வருவது, அதை அறிவது நாக்கு. பின்னதன் மணம் அனெத்தோலால் வருவது, அதை அறிவது மூக்கு. அதிமதுர வேரில் அனெத்தோல் மிகச் சிறிய அளவிலேயே உண்டு. இரண்டையும் சேர்த்து மிட்டாய் செய்யும் பழக்கம் மேலைநாடுகளில் பரவி, பின்னர் செலவைக் குறைக்க அதிமதுரத்தை விட்டுவிட்டு அனைசு எண்ணெயை மட்டும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. தங்கள் நாட்டில் அதிமதுரத்தின் பெயரில் செய்யப்படும் பண்டங்கள் பலவற்றில் அதிமதுரமே இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஐரோப்பாவில் கிளைசிரைசின் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தொட்டால் அதிமதுரம் உள்ளது என்றும், 4 கிராமைத் தொட்டால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிகுதியாக உண்ணக் கூடாது என்றும் உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

ஆக, அனைசு எண்ணெயைச் சுவைத்துவிட்டு அதிமதுரத்தின்மேல் பழி போடுபவர்கள் ஒரு பக்கம். அதே எண்ணெயைச் சுவைத்துவிட்டு அதிமதுரம் எனக்கு உயிர் என்று சொல்பவர்கள் மறுபக்கம். இரு சாராரும் அந்த வேரை ஒரு நாளும் மென்று பார்த்திராதவர்கள் என்பதுதான் என் நெடுநாள் வருத்தம். மூக்கை இரு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு மிட்டாயை மெல்லுங்கள். சோம்பு மணம் முற்றிலும் மறைந்துவிடும். இனிப்பு மட்டும் நிற்கும். விரலை எடுத்தவுடன் மணம் திரும்பும். பிறகு நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரக் குச்சி ஒன்றை வாங்கி, ஒடித்து, உள்ளே மஞ்சளாகவும் நாராகவும் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு விரற்கடை அளவு மெல்லுங்கள். முதலில் மரத்தின் சுவை, பின் மெல்ல ஏறும் இனிப்பு, ஓரத்தில் சிறு கசப்பு என்று படிப்படியாக வரும். அது பிடிக்கவில்லை என்றால் அதிமதுரம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். குச்சியாகவே வாங்க வேண்டும், பொடியாக வாங்காதீர்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் சொல்ல எவராலும் இயலாது.

சிறு வயது முதல் எனக்கு அதிமதுரம் என்றாலே குமட்டுகிறது. இது பரம்பரைக் குணமா? (வாசகி, தென்காசி)

சிறு வயதில் சளிக்கும் இருமலுக்கும் அதைக் குழைத்துக் கொடுத்திருப்பார்கள் என்பதே என் ஊகம். ஒரு சுவையை உண்டபின் குமட்டல் ஏற்பட்டால், அந்தச் சுவை காரணமாக இல்லாவிட்டாலும், உடல் அதையே குற்றவாளியாகப் பதிந்துகொள்ளும். 1955இல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய துணைவர்களும் எலிகளுக்கு இனிப்பு நீரைக் கொடுத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபோது, அவை பின்னர் அந்த நீரைத் தவிர்த்ததைக் கண்டார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குப் புகட்டிய மருந்தும் இவ்வாறே நினைவில் நிற்கும். கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு போல மணப்பதற்கு மரபணுத் தொடர்பு காட்டப்பட்டிருப்பது உண்மைதான். அதைக் கொண்டுவந்து எல்லா வெறுப்புக்கும் பொருத்தாதீர்கள்.

உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாய் ஒன்று கிடைத்தது. கெட்டுப்போனதா? (வாசகர், வள்ளியூர்)

கெடவில்லை. அதில் சேர்ந்திருப்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. பின்லாந்து, சுவீடன், நெதர்லாந்து நாட்டினர் இதற்கு அடிமைப்பட்டவர்கள். பின்லாந்தில் சல்மியாக்கி என்பார்கள். புளிப்பை உணர உதவும் ஓட்டோப்பெட்ரின் என்ற புரதமே நவச்சாரத்துக்கும் விழித்துக்கொள்கிறது என்று 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அம்மோனியா உடலுக்கு நஞ்சாகையால், பழகாத நாக்கு அதை உமிழச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் இந்த வகையிலும் அதிமதுரம் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

எனக்குச் சுவை மிகவும் பிடித்துவிட்டது. தினமும் பொடியைப் பாலில் கலந்து குடிக்கிறேன். இயற்கைப் பொருள்தானே? லேசாக பி.பி. உண்டு. (வாசகர், சங்கரன்கோவில்)

எவ்வளவு பொடி, எத்தனை மாதமாக, உங்கள் வயது என்ன, எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒன்றையும் எழுதாமல் ஒப்புதல் மட்டும் கேட்கிறீர்கள். ஒப்புதல் தர மாட்டேன். ஒரு தேக்கரண்டிப் பொடி சுமார் 3 கிராம். அதில் 4 விழுக்காடு கிளைசிரைசின் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 120 மில்லிகிராம் ஆகிறது. நாள்தோறும் 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய அறிவியல் குழுவின் பரிந்துரை. கிளைசிரைசின், கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சிறுநீரகத்தில் தடுத்துவிடுகிறது. உடலில் உப்பும் நீரும் தேங்கி, பொட்டாசியம் வெளியேறி, அழுத்தம் ஏறுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர் நாளுக்கு ஒன்றரைப் பை கறுப்பு மிட்டாய் என்று சில வாரங்கள் தின்றதில் பொட்டாசியம் குறைந்து இதயம் நின்று இறந்தது 2020இல் மருத்துவ இதழில் வெளியானது. 40 வயதைக் கடந்தவர்கள் நாளுக்கு 60 கிராம் வீதம் இரண்டு வாரம் உண்டாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று அங்கே எச்சரிக்கிறார்கள். உங்களுக்கு வரும் நோய் இயற்கையா செயற்கையா என்று பார்த்து வராது. இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பொட்டாசியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் விலகியே இருக்க வேண்டும்.

மகள் கர்ப்பமாக இருக்கிறாள். வாய்க்கு ருசியாக இந்த மிட்டாயைக் கேட்கிறாள். (வாசகி, கடையநல்லூர்)

வேண்டாம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியவற்றுள் ஒன்றாகப் பின்லாந்து அரசின் நலவாழ்வு நிறுவனம் 2016இல் இதைச் சேர்த்தது.

தோட்டத்து வேலியில் குன்றிமணிக் கொடி கிடக்கிறது. அதன் வேரும் இனிக்கும் என்கிறார்களே, அதிமதுரத்துக்குப் பதிலாகச் சுவைக்கலாமா? (வாசகர், களக்காடு)

கூடாது. அந்தக் கொடியின் விதையில் உள்ள அப்ரின் கொடிய நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் வீடென்றால் கொடியையே அகற்றுங்கள்.

கறுப்பு மிட்டாயை வீட்டில் கருப்பட்டி கொண்டு செய்ய முடியுமா? (வாசகி, திசையன்விளை)

முடியும். மேலைநாட்டு மிட்டாயில் இருப்பவை கோதுமை மாவு, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு, அதிமதுரச் சாறு ஆகியவையே. கறுப்பு நிறம் பெரும்பாலும் பாகினால் வருவது. பாகுக்குப் பதிலாகக் கருப்பட்டியைக் காய்ச்சி வடித்து, மாவைக் கரைத்து ஊற்றி, அடிபிடிக்காமல் அல்வா கிண்டுவது போலச் சுருளக் கிண்டுங்கள். கால் கிலோ கருப்பட்டிக்கு விரல் நீளக் குச்சி ஒன்றின் கஷாயம் போதும், மிகுந்தால் கசக்கும். சோம்பு மணம் வேண்டுமா என்பதை உங்கள் வீட்டு மூக்குகளே முடிவு செய்யட்டும். குச்சியை நீங்களே இடித்துக்கொள்ளுங்கள், பொடி வாங்காதீர்கள்.