போர் பயத்தில் ஃபண்டுகளை விற்றுத் தங்கம் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. கப்பல் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் வேலை. சேமிப்பில் 70% ஈக்விட்டி ஃபண்டுகளில் (பங்குகளில் முதலீடு செய்பவை) இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரே ஒரு வளரும் நாட்டின் பங்குகளில் மட்டும் முதலீடு செய்யும் ஃபண்ட். சேமிப்பின் மீதி, 20% வங்கி டெபாசிட், 10% தங்கம். இன்னும் 14 மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். பொருளாதாரத் தடை, ஏவுகணைத் தாக்குதல் என்று தினமும் வரும் செய்திகளைப் பார்த்துப் பயந்து, மாதாமாதம் போட்டுவந்த முதலீட்டை நிறுத்திவிட்டேன். பெரிய போர் மூண்டால் எல்லாம் போய்விடுமோ? மொத்தத்தையும் விற்றுத் தங்கம் வாங்கிவிடலாமா?

பதில்: மொத்தத்தையும் விற்க வேண்டாம். கல்லூரிக் கட்டணத்துக்கான தொகையை மட்டும் இந்த வாரமே ஈக்விட்டி ஃபண்டிலிருந்து எடுத்து டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். உலகம் அமைதியாக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். 14 மாதத்தில் கட்ட வேண்டிய பணத்துக்குப் பங்குச்சந்தையில் வேலையே இல்லை.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் விற்கக்கூடாத நாளில்தான் விற்கிறார்கள். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அக்டோபர் நடுப்பகுதிக்குள் அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறக்குறைய 17% சரிந்தது. அடுத்த ஜனவரியில் ஈராக் மீது அமெரிக்கக் கூட்டுப்படையின் குண்டுவீச்சு தொடங்கியபோது நடந்ததோ நேர்மாறு. ஜனவரி 17 அன்று பங்குகள் ஏறின, கச்சா எண்ணெய் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு விலை இழந்தது. உக்ரைனுக்குள் ரஷ்யா நுழைந்த 2022 பிப்ரவரி 24 அன்றும் அதே குறியீடு காலையில் 2 சதவிகிதத்துக்கு மேல் இறங்கி, மாலையில் 1.5% ஏற்றத்தில் முடிந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்ட 12 நாள்களில் பீப்பாய் 69 டாலரிலிருந்து 80 டாலரை நெருங்கிய பிரென்ட் (உலக விலைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் கச்சா எண்ணெய்), மோதல் நின்றதும் பழைய விலைக்குக் கீழேயே வந்துவிட்டது. செய்தியைப் பார்த்துவிட்டு நாம் விற்கப் போவதற்குள் சந்தை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

‘அப்படியானால் போர் சந்தையை ஒன்றும் செய்யாது’ என்று நான் சொல்லமாட்டேன். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, சில மாதங்களில் எண்ணெய் விலை சுமார் நான்கு மடங்கானது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே இறங்க ஆரம்பித்திருந்த அமெரிக்கச் சந்தை, 1974 அக்டோபருக்குள் பாதியளவுக்கு விழுந்தது. பழைய உச்சத்துக்குத் திரும்ப 1980 வரை ஆனது. 2022-ல் போரின் முதல் நாளைத் தாங்கிய அதே சந்தை, ஆண்டு முடிவில் 19% நஷ்டத்தில் நின்றது. விலைவாசியை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 4.25-4.5 சதவிகிதத்துக்கு உயர்த்தியதே பெரிய காரணம். வட்டி ஏறினால் பழைய பாண்டுகளின் (கடன் பத்திரங்களின்) விலை இறங்கும் என்பதால், பாதுகாப்பு என்று நம்பி அவற்றை வாங்கியவர்களும் அடிபட்டார்கள். போர் நம் சேமிப்பைத் தொடும் வழி பெரும்பாலும் இதுதான்: முதலில் எரிபொருள், பிறகு விலைவாசி, அதன்பின் வட்டி. உங்களுக்கு மாறும் வட்டியில் கடன் ஏதாவது இருந்தால், தங்கத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதில் ஒரு பகுதியை அடைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது அந்த ஒற்றை நாட்டு ஃபண்ட். விலை இறங்கினால் காத்திருக்கலாம். விற்கவே முடியாமல் போனால் என்ன செய்வது? பொருளாதாரத் தடை செய்வது அதைத்தான். 2022 பிப்ரவரி 28 அன்று மாஸ்கோ பங்குச்சந்தையில் பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மார்ச் 24 அன்று பகுதியளவில் திறந்தபோதும் வெளிநாட்டவர்கள் விற்க அனுமதி இல்லை. ரஷ்யாவின் மிகப்பெரிய வங்கியான ஸ்பெர்பேங்கின், லண்டனில் பட்டியலிடப்பட்டிருந்த பங்குப் பத்திரங்கள் சில நாள்களில் 99 சதவிகிதத்துக்கு மேல் மதிப்பிழந்தன, பிறகு வர்த்தகமே நின்றது. மார்ச் 9 அன்று, பல ஃபண்டுகள் பின்பற்றும் பங்குக் குறியீடுகளைத் தயாரிக்கும் எம்.எஸ்.சி.ஐ நிறுவனம் ரஷ்யப் பங்குகளை வளரும் நாடுகள் குறியீட்டிலிருந்து நீக்கியது. நீக்கும்போது அவற்றுக்கு வைத்த விலை கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நிறுவனங்கள் எண்ணெய் எடுத்துக்கொண்டும், கடன் கொடுத்துக்கொண்டும், லாபம் ஈட்டிக்கொண்டும்தான் இருந்தன. ஃபண்ட் வைத்திருந்தவர்களுக்கு அந்த லாபம் போய்ச் சேர வழியில்லை, அவ்வளவுதான். மறுபக்கமும் இதே கதைதான். வெளிநாட்டுப் பங்குகளை வாங்கியிருந்த லட்சக்கணக்கான சாதாரண ரஷ்யர்களின் பணமும், பத்திரங்களைக் காத்துவைக்கும் ஐரோப்பிய வைப்பகங்களில் முடங்கியது. தனிமனிதர்களை விடுங்கள், ரஷ்ய மத்திய வங்கியின் சொந்தக் கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டாலர் முடக்கப்பட்டது.

ஆகவே எந்த ஒரு நாட்டின் ஃபண்டாக இருந்தாலும், நாளைக் காலை அதன் மதிப்பு பூஜ்யம் என்று அறிக்கை வந்தால்கூட உங்கள் குடும்பத் திட்டம் ஆட்டம் காணாத அளவுக்கு மேல் அதில் வைக்காதீர்கள். உங்கள் மொத்தச் சேமிப்பில் அது இப்போது 14%. என் கணக்கில் 5% போதும். கல்லூரிக் கட்டணத்தை முதலில் இந்த ஃபண்டிலிருந்தே எடுங்கள். அதில் குறைக்கும் 9% போதவில்லை என்றால் மட்டும் மற்ற ஃபண்டுகளைத் தொடுங்கள். ஃபண்டை விற்கும்போது பிடிக்கும் வெளியேறும் கட்டணம், வரி இரண்டையும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்; கொஞ்சம் வரி போனாலும் பரவாயில்லை.

தங்கம் நல்லதுதான். 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கியிருக்கின்றன. யாராலும் முடக்க முடியாத சொத்து என்பது அதற்கு முக்கியக் காரணம். ஆனால் 2022 மார்ச்சில் போர் பயம் உச்சத்தில் இருந்தபோது அவுன்ஸ் 2,070 டாலருக்கு வாங்கியவர், நவம்பர் தொடக்கத்தில் 1,630 டாலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. காத்திருந்தவருக்குப் பின்னால் நல்ல லாபம் வந்தது, 2025 அக்டோபரில் 4,000 டாலரையும் தாண்டியது. இடையில் பணத்தேவை வந்து விற்றவர் நஷ்டத்தோடு போனார். உங்களிடம் உள்ள 10% போதும். மனம் கேட்கவில்லை என்றால் ஓராண்டில் சிறிது சிறிதாக 15% வரை கொண்டுபோகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, உங்கள் சம்பளம். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாள் போல நீண்டது, சரக்குக் கட்டணம் ஏறியது, பல கப்பல் நிறுவனங்களுக்கு அது லாபமாகவே முடிந்தது. பாரசீக வளைகுடாவிலிருந்து வெளியேறும் ஒரே கடல்வழியான ஹோர்முஸ் நீரிணை மூடப்பட்டால் அதற்கு அப்படிச் சுற்றுவழி கிடையாது. உங்கள் துறை போரால் ஒரு ஆண்டு கொழிக்கும், அடுத்த ஆண்டு ஆள்குறைப்பு செய்யும். மற்றவர்களுக்கு ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு போதும் என்பேன். உங்களுக்கு 12 மாதம் வேண்டும். கட்டணத் தொகையைச் சேர்க்காமல், உடனே எடுக்கக்கூடிய டெபாசிட்டாக அது இருக்கட்டும். இப்போதுள்ள 20 சதவிகிதத்தில் அது அடங்குகிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1914 ஜூலை 31 அன்று மூடிய நியூயார்க் பங்குச்சந்தை, பங்கு வர்த்தகத்துக்கு டிசம்பர் 12 அன்றுதான் திறந்தது. நான்கு மாதத்துக்கு மேல் விற்கவே வழியில்லை. அப்படி ஒரு நிலை வந்தாலும் வீட்டுச் செலவு நடக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தபிறகு மீதமிருக்கும் ஈக்விட்டி, பத்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத பணம். அதை அப்படியே விடுங்கள். நிறுத்திவைத்த மாத முதலீட்டை அடுத்த மாதமே மறுபடி தொடங்குங்கள். அதில் அந்த ஒற்றை நாட்டு ஃபண்டுக்குப் போய்க்கொண்டிருந்த தவணையை மட்டும், பல நாடுகளில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டுக்குத் திருப்பிவிடுங்கள்.