ஜீப்பைத் தூக்கினால் குலுக்கல் குறையுமா? (வாசகர் கேள்வி – பதில்)

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த சஸ்பென்ஷன் கேள்விகள் மட்டும் இந்த முறை.

2021-இல் வாங்கிய மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன். எஸ்டேட்டுக்குள் நாலு கிலோமீட்டர் சோலிங் கல் (பெருங்கல் அடுக்கிய) ரோடு. குலுக்கி எடுக்கிறது; பின்சீட்டில் உட்கார அம்மா பயப்படுகிறார். 2 இன்ச் லிஃப்ட் கிட் போட்டால் சொகுசாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், கோத்தகிரி

சொகுசுக்காக என்றால் வேண்டாம். வண்டியைத் தூக்குவது அடியில் கல் தட்டாமல் இருக்கவும், பெரிய டயர் நுழையவும்தான். குலுக்கலைத் தீர்மானிப்பவை டயர் காற்று, ஸ்பிரிங்கின் விறைப்பு, ஷாக் அப்சார்பர் அதை அடக்கும் விதம். இந்த மூன்றில் ஒன்றைக்கூட உயரம் மாற்றாது.

உங்கள் தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கைகள்), காயில் ஸ்பிரிங். பின்பக்கம் காயில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த முழு ஆக்சில். முன்னால் ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு சேர்க்கும் தடித்த வளையம்) வைத்துத் தூக்கினால் சக்கரம் எப்போதும் கீழே தொங்கிய நிலையிலேயே நிற்கும். பள்ளத்தில் இறங்க அதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைந்துபோகும். குழியில் விழும்போதெல்லாம் ஷாக் முழுதாக நீண்டு 'டக்'கென்று இழுத்து நிற்கும். அதோடு சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டான சி.வி. ஜாயிண்ட் சரிவாக நின்று சுழலும். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே போய்ச் சேறு உள்ளே போனால் ஜாயிண்ட் கதை முடிந்தது.

முதலில் காற்றைப் பாருங்கள். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு தார் ரோட்டுக்கானது. அந்த நாலு கிலோமீட்டரை 10–15 கி.மீ. வேகத்தில் கடக்கிறீர்கள் என்றால், எஸ்டேட் கேட்டில் நின்று நாலு டயரையும் 20–22 பவுண்டுக்கு இறக்குங்கள். கல்லின் கூர்மையை டயரே விழுங்கிக்கொள்ளும். எந்த ஷாக்கை மாற்றினாலும் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. 18-க்குக் கீழே போகாதீர்கள்; சோலிங் கல்லின் விளிம்பு சைடுவாலை வெட்டும். 15-க்குக் கீழே போனால் வளைவில் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் ரோட்டில் ஏறுமுன் திரும்ப அடிக்க வேண்டும். 20 பவுண்டோடு மேட்டுப்பாளையம் இறக்கத்தில் போனால் டயர் சூடேறும், ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி இருக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன கம்ப்ரசர் நாலு டயருக்குத் தாங்காது. பேட்டரியில் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள்.

அதன்பிறகு ஷாக். கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இது கம்பெனியிலிருந்து வந்த எடையில் உள்ள வண்டிக்கு டியூன் செய்ததா, இரும்பு பம்பரும் வின்ச்சும் ஏற்றிய வண்டிக்கா? இரண்டாவது வகையைக் காலி வண்டியில் மாட்டினால் இப்போதுள்ளதைவிட மோசமாகும். ஸ்பிரிங்குக்கும் இதே கணக்குதான்.

அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். பின் ஆக்சிலை ஒட்டிய சீட் எந்த வண்டியிலும் அதிகம் தூக்கிப்போடும்.

மேட்டுப்பாளையத்தில் 30 பவுண்டு அடித்துக்கொண்டு ஊட்டி ஏறினால், மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் டயர் இறுகிப்போகும், கொஞ்சம் இறக்கிவிடு என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், குன்னூர்

பாதி சரி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய 3 பவுண்டு குறைவு. கேஜில் அந்த 3 கூடுதலாகத் தெரிய வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே 3 பவுண்டு குறைந்துவிடும். கூட்டிக் கழித்தால் பழைய 30. ஏறி முடித்த உடனே அளந்தால் டயர் சூட்டால் எண் அதிகம் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிடுபவர்தான் மறுநாள் காலையில் 26-இல் நிற்பார். காலையில், வண்டி எடுக்குமுன் அளப்பதுதான் அளவு.

பொலிரோ பிக்கப். காலியாக வந்தால் பின்பக்கம் குதிரை மாதிரி குதிக்கிறது. கேரட் மூட்டை ஏற்றினால் பின்னால் உட்கார்ந்து பள்ளத்தில் இடிக்கிறது. இன்னொரு பட்டை (லீஃப் ஸ்பிரிங்) சேர்க்கச் சொல்கிறார் பட்டைக் கடைக்காரர்.
– வாசகர், மன்னவனூர்

இரண்டும் வேறு வேறு நோய். பட்டை சேர்த்தால் ஒன்று தீரும், மற்றொன்று முற்றும்.

பட்டை சேர்க்குமுன் இருக்கும் பட்டை செத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே பாடியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். 10–15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், தாழ்ந்த பக்கம் வளைவு இழந்திருக்கிறது, அல்லது உள்ளே ஒரு பட்டை உடைந்திருக்கிறது. உடைவது பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டித்தான். பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கும் யு போல்ட்டின் தகடு மறைத்துக்கொண்டிருக்கும், டார்ச் அடித்துத் துருக்கோட்டைத் தேட வேண்டும். வளைவு இழந்த பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைத்துத் தருவார்கள். சில மாதம் நிற்கும், மறுபடி உட்காரும். அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிட்டால் எஃகின் பதமே போய்விடும். புதுக் கட்டு (பட்டைகளின் முழு அடுக்கு) வாங்குவதே கடைசியில் மலிவு.

பட்டை நன்றாக இருந்து, லோடில் மட்டும் இடிக்கிறதென்றால், கட்டோடு சேர்த்து இறுக்கும் பட்டை வேண்டாம். ஹெல்பர் பட்டை கேளுங்கள். இது காலியாக இருக்கும்போது இடைவெளி விட்டு நிற்கும், வண்டி தாழ்ந்த பிறகே தாங்கத் தொடங்கும். கட்டுக்குள் சேர்த்த பட்டையோ காலி வண்டியிலும் வேலை செய்து, குதிப்பதை இன்னும் கூட்டும். வண்டியில் ஏற்கெனவே ஹெல்பர் இருந்தால், அது எந்த லோடில் தொடுகிறது என்று முதலில் பாருங்கள்.

யு போல்ட்டைக் கழற்றினால் பழையதையே மாட்டாதீர்கள். ஒருமுறை இழுபட்டு நீண்டது மறுபடி அதே பிடிமானம் தராது. எதிரெதிர் மூலையாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். 200 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 1,000-த்தில் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி. இதை விட்டவர்கள் வண்டிகளில்தான் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி ஓடும்.

ஒன்று கவனம். சில பிக்கப்களில் பின் ஆக்சிலையும் சேசிஸையும் இணைத்து ஒரு சின்னக் கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுப்பது அது. பட்டையால் பின்பக்கம் உயர்ந்தால் வால்வு 'வண்டி காலி' என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு லோடோடு பெருமாள்மலை தாண்டி வத்தலகுண்டு இறங்கும்போது முன் பிரேக் மட்டும் காய்ந்து புகையும். பட்டை வேலை முடிந்ததும் அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பட்டைக் கடையில் இதைத் தாமாகச் செய்ய மாட்டார்கள்.

காலியாகக் குதிப்பதற்கு: பின் டயரில் லோடுக்கான காற்றை வைத்துக்கொண்டு காலியாகத் திரும்புகிறீர்கள். கதவு ஸ்டிக்கரில் லோடுக்கு ஒன்று, காலிக்கு ஒன்று என இரண்டு எண் இருக்கும். பாதிக் குதிப்பு அங்கேயே அடங்கும்.

பழைய மேஜர் ஜீப். நாலு பக்கமும் பட்டை. மழைக்காலம் முடிந்தால் கல்லுமாதிரி இறுகிவிடுகிறது. நீள ஷாக்கிள் (பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் தகடு) போட்டால் மென்மையாகுமா?
– வாசகர், கூடலூர்

ஆகாது. 2 இன்ச் நீள ஷாக்கிள் வண்டியை 1 இன்ச் தூக்கும், அவ்வளவே. முன்னோரத்தில் ஷாக்கிள் உள்ள பழைய ஜீப்பில் அது முன் ஆக்சிலைச் சற்று முன்னோக்கிச் சாய்த்து கேஸ்டர் கோணத்தை (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவை) குறைக்கும். ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது, ரோட்டில் அலையும்.

உங்கள் பக்கத்து மழையில் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டிய பட்டைகள் ஒரே இரும்புக் கட்டியாகிவிடுகின்றன. கட்டைப் பிரித்து, ஒயர் பிரஷ் போட்டு, தேய்ந்து குழி விழுந்த முனைகளை ராவி, கிராஃபைட் கிரீஸ் மெல்லிதாகத் தடவிக் கோக்கச் சொல்லுங்கள். பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவது வேண்டாம். அது மண்ணைப் பிடித்துவைத்து உப்புத்தாள் போல அரைக்கும், போல்ட் மூட்டுகளில் உள்ள ரப்பர் உறையான புஷ்ஷையும் ஊறவைக்கும். ஷாக்கிள் பின் கையால் தள்ளினால் அசைய வேண்டும். பல ஜீப்களில் இந்தப் பின்னின் நட்டை முறுக்கி இறுக்கியதே குலுக்கலுக்குக் காரணம்.

பட்டை ஒன்றை உருவி மென்மையாக்குவதும் உண்டு. செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது மெல்லிய கட்டு 'எஸ்' போல முறுக்கிக்கொள்ளும். மெயின் பட்டை உடைந்தால் அந்தப் பக்கச் சக்கரம் இடம் விட்டு நகரும்.

ஷாக் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேஸ் ஷாக் நல்லதா, ஆயில் ஷாக்கா? தனி டேங்க் வைத்த ஷாக் போடலாமா?
– வாசகர், பூம்பாறை

பானெட்டை அமுக்கிப் பார்ப்பதில் முழுதாகச் செத்த ஷாக்தான் பிடிபடும். மோசமான ரோட்டில் 5–6 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி நாலு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். ஷாக் குலுக்கலைச் சூடாக மாற்றித்தான் அடக்குகிறது. மூன்று சுட்டு ஒன்று சில்லென்று இருந்தால், அந்த ஒன்று வேலை செய்யவில்லை. மேல்பாகத்தில் லேசான ஈரப்பசை சாதாரணம். ஆயில் வழிந்து மண் ஒட்டியிருந்தால் மாற்ற வேண்டியதுதான், ஜோடியாக. சந்தேகம் இருந்தால் கீழ் போல்ட்டைக் கழற்றி கையால் இழுத்து அமுக்குங்கள். நடுவில் எங்கேயாவது எதிர்ப்பே இல்லாமல் வெறுமையாக நகர்ந்தால் உள்ளே ஆயில் குறைந்துவிட்டது.

கேஸ் ஷாக்கிலும் ஆயில்தான் வேலை செய்கிறது. நைட்ரஜன் அழுத்தம் அந்த ஆயில் நுரைக்காமல் பார்த்துக்கொள்கிறது. இதில் ஒற்றைக் குழாய், இரட்டைக் குழாய் என்று இரண்டு. ஒற்றைக் குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரை ஒட்டியே ஓடுகிறது; கல் தெறித்துச் சுவர் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய்க்கு வெளியே அடி விழுந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பூம்பாறை, கவுஞ்சி பக்கத்துக் கல் பாதைக்கு எங்கள் ஓட்டு குறைந்த அழுத்த கேஸ் உள்ள இரட்டைக் குழாய்க்கு. மாட்டுமுன் அதை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

தனி டேங்க் வைத்தது பாலைவனத்தில் மணிக்கணக்காக வேகமாக ஓடி ஆயில் கொதிப்பவர்களுக்கு. 15 கி.மீ. வேகத்தில் உருளும் மலைப்பாதையில் அது வெறும் அழகு.

வாங்குமுன் செலவில்லாத ஒரு சோதனை. ஷாக்கின் பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, ஷாக் குழாயின் வாயோரம் தள்ளிவிட்டு ஓட்டுங்கள். சக்கரம் எவ்வளவு மேலேறியது என்று அது நின்ற இடம் காட்டும். தண்டை மறைத்து உறை இருந்தால், பம்ப் ஸ்டாப்பின் (சக்கரம் முழுதாக மேலேறினால் இடிக்கும் ரப்பர் கட்டையின்) நுனியில் களிமண் உருண்டை ஒட்டுங்கள். அது நசுங்கியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது லோடு அதிகம். உருண்டை அப்படியே இருந்தும் இடுப்பு உடைகிறதென்றால், வண்டி தேவைக்கு மேல் விறைப்பு. அதைவிடக் கடினமான ஷாக்கை யாரும் உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

ஜிம்னிக்கு 50 மி.மீ. லிஃப்ட் போட்டுவிட்டேன். 60-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் ஆடுகிறது. ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக்) மாற்றலாமா?
– வாசகர், கோத்தகிரி

டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், நிறுத்தாது. ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில். இரண்டு நீளக் கைகளும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு குறுக்குத் தண்டும் தாங்குகின்றன. தூக்கும்போது அந்தத் தண்டின் சரிவு கூடி ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். முன் ஆக்சில் சுழன்று கேஸ்டர் குறையும். கேஸ்டர் சரிசெய்யும் புஷ்ஷும், நீளம் மாற்றக்கூடிய குறுக்குத் தண்டும் மாட்டி, அலைன்மென்ட் பார்த்தால் அடங்கும். வண்டியை ஜாக்கி வைத்துச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். இழுபட்டால் நீள ஹோஸ் மாட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?
– வாசகர், கொடைக்கானல்

அதே வகை, அதே அளவு ஷாக், ஸ்பிரிங், புஷ் மாற்றுவது பழுதுபார்ப்பு. உயரத்தை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பாளரின் அளவிலிருந்து விலகும் மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்தானால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கலாம்.

புது புஷ் போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி கீச் கீச். மூன்றாவது செட் இது.
– வாசகர், தாண்டிக்குடி

புஷ்ஷைக் குறை சொல்லுமுன் மெக்கானிக் எப்படி இறுக்கினார் என்று கேளுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கிய நிலையில் பூட்டப்படும். தரையில் இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும், ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுக்கும், சீக்கிரம் கிழியும். வண்டியும் விறைப்பாகத் தெரியும். போல்ட்டைக் கையால் மட்டும் கோத்து, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டி, அதன் எடையிலேயே நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. குழிக்குள் இறங்கியோ, சக்கரங்களுக்கு அடியில் சரிவுப் பலகை வைத்தோ செய்யலாம். கிரீஸ் தடவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சாதா கிரீஸில் ரப்பர் உப்பிப்போகும்.