கடன் வாங்கி மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நான் கல்லூரி இறுதியாண்டு மாணவி. வறுமை ஒழிப்பு, பெண் கல்வி என்று பன்னாட்டு வளர்ச்சிப் பணிகளில் ஈடுபட ஆசை. வெளிநாட்டில் நடக்கும் ‘உலக இளைஞர் தலைவர்கள் மாநாடு’ ஒன்றுக்கு நான் தேர்வாகியிருப்பதாக மின்னஞ்சல் வந்துள்ளது. பதிவுக் கட்டணம், தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் என் பொறுப்பு. அப்பா வேண்டாம் என்கிறார். கடன் வாங்கியாவது போகலாமா? இதை விட்டால் வேறு வழி உண்டா?

பதில்: அப்பா பக்கம்தான் நானும். கடன் வாங்காதீர்கள்.

இப்படிப்பட்ட மாநாடுகள் எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். பல உண்மையிலேயே நடக்கின்றன. மேடை உண்டு, சான்றிதழ் உண்டு, புகைப்படங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அங்கே எதுவும் முடிவாவதில்லை. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட தன் கட்டுரையில், சிறார்களின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே உள்ள 3 படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்காகச் சிறுவர்களைப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிற்க வைப்பது, பெயருக்கு ஒரு மைக்கைக் கொடுப்பது என்பவைதான் அந்த மூன்றும். அழைப்பு அனுப்பியவர்களிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: நாங்கள் பேசுவது யாருடைய மேசைக்குப் போகும்? சென்ற முறை பேசியதால் என்ன மாறியது? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். மின்னஞ்சலில் ஐ.நா. முத்திரை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வேலைக்கு ஆள் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் கேட்பதில்லை.

மெய்யான வாசல்கள் வேறு இருக்கின்றன. பல நாட்டு அரசுகள் ஐ.நா. பொதுச் சபைக்குப் போகும் தங்கள் குழுவில் இளைஞர் பிரதிநிதிகளைச் சேர்க்கின்றன. அவர்களைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த அரசுதான், ஐ.நா. அல்ல. உங்கள் நாட்டில் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று வெளியுறவு அல்லது இளைஞர் நலத் துறையில் விசாரியுங்கள். காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் ‘யங்கோ’ என்ற இளைஞர் அணிக்கு அதிகாரபூர்வ இடம் உண்டு. அமைதி, பாதுகாப்பு பற்றிய முடிவுகளில் இளைஞர்களுக்கு இடம் கொடுங்கள் என்று ஐ.நா. பாதுகாப்பு சபையே 2015-இல் தன் 2250-ஆம் தீர்மானத்தில் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. தீர்மானம் போட்டதால் நாற்காலி கிடைத்துவிடாதுதான். ஆனாலும் அதிகாரிகளிடம் பேசப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள நல்ல காகிதம்.

இப்போதே உங்களுக்குப் பொருந்துவது ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணி என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் பான் நகரில் தலைமையகம் உள்ள அமைப்பு இது. 18 வயது நிறைந்திருந்தால் போதும். கட்டணம் இல்லை, பயணமும் இல்லை. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தகவல் திரட்டுதல், அறிக்கை எழுதுதல் போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே செய்து தரலாம். சம்பளம் கிடையாது. ஆனால் ஒரு வளர்ச்சித் திட்டம் உள்ளே எப்படி ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்: திட்ட அறிக்கையின் நடை, பயனாளிகளை எண்ணும் முறை, நிதி கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்லும் விதம். ஆர்வம் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். எக்செல்லில் தரவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. உலக வங்கியின் தரவுகள் 2010 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. பெண் கல்வி பற்றிய எண்களை எடுத்து இரண்டு பக்க அலசல் ஒன்று எழுதிப் பாருங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க மாநாட்டுச் சான்றிதழைவிட அது மேல்.

களத்துக்கே போக வேண்டுமென்றால், அதே அமைப்பு 18 முதல் 26 வயது வரையிலானவர்களை இளைஞர் தன்னார்வலர்களாக எடுக்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு மாதப்படி உண்டு. இன்டர்ன்ஷிப்பில் மட்டும் கவனம். ஐ.நா. தலைமைச் செயலகம் பயிற்சியாளர்களுக்குப் பணம் தருவதில்லை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. உதவித்தொகை தருகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் பெருநகரங்களில் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் தங்க முடியும் என்ற அநியாயம் இந்தத் துறையில் இன்னும் தீரவில்லை.

ஒன்றை அடியோடு தவிர்க்கச் சொல்வேன்: பணம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டு அநாதை இல்லங்களுக்கு இரண்டு வாரத் ‘தொண்டு’க்கு அனுப்பும் நிறுவனங்கள். அத்தகைய இல்லங்களில் உள்ள பல குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பார்க்க வருபவர்கள் பெருகப் பெருக, இல்லத்தை நிரப்பக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதும் நடக்கிறது.

பட்டம் வாங்கியபின் ஐ.நா.வின் இளம் தொழில்முறையாளர் தேர்வைக் கவனியுங்கள். 32 வயது வரை எழுதலாம், ஆனால் அந்த ஆண்டுக்கான பட்டியலில் உங்கள் நாடு இருக்க வேண்டும். பட்டியல் ஆண்டுதோறும் மாறும். ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் தடையின்றி எழுத வேண்டியிருக்கும். அந்தப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள்.